திண்ணையை விட்டு இறங்குவோம்



நம்முடைய தர்மபுரி மாவட்டத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை காதில் விழும். "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" மகளை நர்சிங் படிக்க வைக்கலாமே என்று கேட்டால் அதுதான் பதில். வங்கியில் ஒரு கணக்கு துவங்கலாமே என்றாலும் அதுதான் பதில். சபையில் எழுந்து நாலு வார்த்தை சாட்சி சொல்லுங்கள் என்றால், "ஐயோ, எனக்கு வராதுங்க பிரதர்!" என்று பின்வரிசைக்கு ஓடிவிடுவார்கள்.

கேட்பதற்கு இது தாழ்மை மாதிரி தெரியும். பல நேரங்களில் இது தாழ்மை அல்ல, பயம். பழகிப்போன இடத்தை விட்டு ஒரு அடி நகரப் பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு விலை உண்டு, பிரியமானவர்களே. வங்கி வாசலை மிதிக்கப் பயந்தவர் பத்து வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாத தாய், காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் வரட்டும் என்று காத்திருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்த பெண் பிள்ளை, ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆளில்லாததால் வீட்டோடு நின்றுபோகிறாள். ஆகவே இம்மாதப் பாடத்தில் இரண்டு காரியங்களைப் பார்ப்போம். பழகிய எல்லையை எப்படித் தாண்டுவது? தாண்டிய பிறகு சோர்ந்துபோகாமல் இருக்க, குறுகிய காலக் குறிக்கோள்களை எப்படி வைப்பது?

1. 1989-ல் நம் மாவட்டத்தில் நடந்த காரியம்

இதற்கு உதாரணம் தேடி நாம் அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இன்று தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிற மகளிர் சுய உதவிக் குழுக்கள் எங்கே ஆரம்பித்தன என்று நம் வாலிபரிடம் கேட்டுப் பாருங்கள். அநேகருக்குத் தெரியாது. 1989-ம் ஆண்டு, நம்முடைய தர்மபுரி மாவட்டத்தில்தான் அந்த வேலை துவங்கியது. கிருஷ்ணகிரியும் அப்போது நம் மாவட்டத்தோடுதான் இருந்தது. 2004-ல்தான் அது தனி மாவட்டம் ஆயிற்று. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இதை நடத்தியது. கடன் கொடுக்க இந்தியன் வங்கி முன்வந்தது.

அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லை, கூலியும் இல்லை என்கிற ஊர்கள். பெண்களில் அநேகருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஈடு வைக்க நிலம் அவர்கள் பேரில் இல்லை. இவர்களை நம்பி வங்கி பணம் கொடுக்குமா என்று படித்தவர்களே சிரித்தார்கள். ஆனால் இங்கே நடந்ததைப் பார்த்த பிறகு, 1991-92-ல் சேலம், தென்னாற்காடு மாவட்டங்களுக்கும், 1992-93-ல் மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் திட்டம் போயிற்று. 1997-98-ல் அது மகளிர் திட்டம் என்ற பேரில் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்டது. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுவதிலும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு முன்னோடித் திட்டத்தைத் துவங்கியது. அதற்கு மூன்று வருஷம் முன்னமே நம் மாவட்டத்துப் பெண்கள் திண்ணையை விட்டு இறங்கியிருந்தார்கள்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு குழுவுக்குச் சில வருஷம் நான் கணக்கு எழுத உதவி செய்திருக்கிறேன். அந்த அம்மாக்களில் ஒருவர் முதல்முறை வங்கிக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். "கோயிலா இது? போட்டுக்கிட்டு வாங்கக்கா" என்று மற்றவர்கள் கூப்பிட்டும் கேட்கவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் அதே அம்மா பாஸ்புக்கை நீட்டி, "வட்டி சேர்த்துட்டீங்களா சார்?" என்று கேட்டதையும் நான் கண்ணால் பார்த்தேன். நடுவிலே பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வாரம் ஒரு கூட்டம், வாரம் ஒரு சிறு தொகை, மாதம் ஒருமுறை வங்கி. அவ்வளவுதான்.

2. குழு நோட்டு கற்றுத் தரும் நான்கு பாடங்கள்

ஒரு சுய உதவிக் குழுவின் நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். குறிக்கோள் வைப்பது எப்படி என்று எந்தப் பெரிய வகுப்பிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள்.

முதலாவது, அளவு சிறியது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்றுதான் அநேகக் குழுக்கள் துவங்கின. கூலிக்குப் போகிற எந்தப் பெண்ணும் "என்னால முடியாது" என்று சொல்ல முடியாத தொகை. குறிக்கோள் முதலில் அப்படித்தான் இருக்க வேண்டும். பெரிதாகச் சொல்லிப் பாதியில் விடுவதைவிட, சிறிதாகச் சொல்லி முடிப்பது மேல்.

இரண்டாவது, நாள் குறிக்கப்பட்டது. "வசதிப்படும்போது சேமிப்போம்" என்று எந்தக் குழுவும் தீர்மானம் எழுதவில்லை. இன்ன கிழமை, இன்ன நேரம், இன்னார் வீட்டு வாசல். நாள் வைக்காத குறிக்கோள் வெறும் ஆசை, அன்பானவர்களே.

மூன்றாவது, எழுதப்பட்டது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, தனித்தனிப் பாஸ்புக் என்று எல்லாம் எழுத்தில் இருந்தது. எழுதத் தெரியாத ஊரில் எழுத்தை வைத்தார்கள்! அதனாலேயே அநேக அம்மாக்கள் கைநாட்டை விட்டுவிட்டுத் தங்கள் பேரை எழுதக் கற்றுக்கொண்டார்கள்.

நான்காவது, சாட்சிகள் இருந்தார்கள். ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் விசாரிப்பார். ஒருவர் கட்டவில்லை என்றால் வீட்டில் என்ன கஷ்டம் என்று போய்ப் பார்ப்பார். தனியாக எடுத்த தீர்மானம் மூன்றாம் நாளில் தளர்ந்துபோகிறது. நாலு பேர் அறிய எடுத்த தீர்மானம் தாங்கி நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழு துவங்கிய அன்றே வங்கி கடன் கொடுத்துவிடவில்லை. முதலில் தங்கள் சேமிப்பிலிருந்தே தங்களுக்குள் சிறு கடன் கொடுத்து வாங்கிப் பழகினார்கள். ஆறு மாதம் ஆனதும், கூட்டம் ஒழுங்காக நடந்ததா, கணக்கு சரியாக இருக்கிறதா, கடன் திரும்பி வந்ததா என்று தரம் பார்த்தார்கள். அதில் தேறிய பிறகுதான் வங்கிக் கடன். ஆறு மாதம் என்கிற அந்தக் குறுகிய தவணைதான் அவர்களை நடத்திக்கொண்டு போயிற்று. "இருபது வருஷத்தில் பணக்காரர் ஆகலாம்" என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

3. சிட்லிங் பள்ளத்தாக்கில் ஒரு குடிசை

இரண்டாவது உதாரணமும் நம் மாவட்டத்தில்தான். அரூர் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலையாளி மக்களும் லம்பாடி மக்களும் வாழுகிற இடம். 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்ற தம்பதியர் அங்கே வந்தார்கள். இருவரும் கேரளாவில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். நகரத்தில் இருந்திருந்தால் குறைவில்லாத வாழ்க்கை.

அவர்கள் வந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோயின. நல்ல ஆஸ்பத்திரி என்றால் மலைப்பாதையில் வெகுதூரம் போக வேண்டும். இதைப் பார்க்கிற யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? "பெரிய ஆஸ்பத்திரி கட்டணும், கோடிக்கணக்கில் பணம் வேணும், நம்மால ஆகுமா?" என்றுதான் தோன்றும். அவர்கள் அப்படித் துவங்கவில்லை. ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு கூரைக் குடிசை, ஒரு 100 வாட் பல்பு. அதுதான் முதல் ஆஸ்பத்திரி. முதலில் வருகிற நோயாளியைப் பார்ப்பது. பிறகு பிரசவத்துக்கு வருகிற தாயைக் காப்பாற்றுவது. பிறகு அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை நர்சுகளாகவும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாகவும் நிறுத்துவது. படிப்படியாகப் படுக்கைகள் வந்தன, அறுவை சிகிச்சைக் கூடம் வந்தது. டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்கிற அந்த ஸ்தாபனம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. ஆயிரத்துக்கு 147 என்றிருந்த குழந்தை மரணம் பிற்காலத்தில் 20 அளவுக்குக் குறைந்தது.

இதில் எல்லையைத் தாண்டியவர்கள் யார்? டாக்டர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வந்தது ஒரு தாண்டுதல் என்றால், காடு மேட்டில் ஆடு மேய்த்தும் கூலி வேலை செய்தும் இருந்த பெண்கள் ஊசி பிடிக்கவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டது அதற்குச் சற்றும் குறையாத தாண்டுதல். அங்கே லம்பாடிப் பெண்களின் பாரம்பரியப் பூத்தையல் மறைந்துபோகும் நிலையில் இருந்தது. ஒருசில வயதானவர்களுக்கு மட்டுமே அந்தத் தையல் நினைவிருந்தது. அவர்களிடமிருந்து இளம்பெண்கள் மறுபடியும் கற்று, இன்று அதைத் தொழிலாகச் செய்கிறார்கள். அந்தக் குழுவின் பெயர் போர்கை. அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம்.

4. ஐம்பத்திரண்டு நாள் வேலை

வேதம் வாசிக்கிற நமக்கு நெகேமியா புதியவர் அல்ல. அவருடைய காரியத்தைக் குறிக்கோள் என்கிற கண்ணோட்டத்தில் ஒருமுறை பாருங்கள். ராஜாவின் அரண்மனையில் பானபாத்திரக்காரன் என்கிற நல்ல உத்தியோகம். அதை விட்டு, இடிந்து கிடக்கிற ஒரு நகரத்துக்குப் புறப்பட்டார். ஆனால் சும்மா உணர்ச்சிவசப்பட்டுப் புறப்படவில்லை. எவ்வளவு காலம் வேண்டும் என்று ராஜா கேட்டபோது ஒரு தவணையைச் சொன்னார். மரத்துக்கும் வழிப்பயணத்துக்கும் கடிதங்கள் கேட்டு வாங்கினார். போய்ச் சேர்ந்ததும், சத்தம் போடாமல் இராத்திரியில் சில பேரோடு அலங்கத்தைச் சுற்றிப் பார்த்து, எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கணக்கு எடுத்தார். பிறகு வேலையைப் பங்கு பிரித்தார். அநேகர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத்தான் கட்டினார்கள். முழு அலங்கத்தையும் நினைத்தால் மலைப்பு வரும். "என் வீட்டுக்கு எதிரே இருக்கிற இந்த இடம்" என்றால் கை தானாக வேலைக்குப் போகும். 52 நாளில் வேலை முடிந்தது.

5. கிட்டத்துக் குறிக்கோள் ஏன் பலன் தருகிறது?

உலகத்திலுள்ள கல்விமான்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1981-ல் ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரண்டு பேர், கழித்தல் கணக்கு வராத சிறுபிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மொத்தம் 42 பக்கக் கணக்கு, ஏழு அமர்வுகள். ஒரு கூட்டத்துப் பிள்ளைகளிடம், "ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடியுங்கள்" என்றார்கள். இன்னொரு கூட்டத்திடம், "கடைசிக்குள் 42 பக்கமும் முடியுங்கள்" என்றார்கள். மற்றொரு கூட்டத்துக்குக் குறிக்கோள் எதுவும் சொல்லவில்லை.

வேலை ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். ஆனால் ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள்தான் கணக்கில் அதிகமாகத் தேறினார்கள். "என்னால் முடியும்" என்கிற நம்பிக்கையும், கணக்கின் மேல் ஒரு பிரியமும் அவர்களுக்கே அதிகமாக வந்தது. 42 பக்கத்தைத் தூரத்தில் காட்டியதால் பெரிய பலன் ஒன்றும் உண்டாகவில்லை.

காரணம் என்ன? ஆறு பக்கம் முடிந்ததும் பிள்ளைக்கு ஒரு அத்தாட்சி கையில் கிடைக்கிறது. நேற்று முடித்தேன், ஆகவே இன்றும் முடிப்பேன் என்று தைரியம் பிறக்கிறது. தைரியம் முதலில் வந்து பிறகு செயல் வரும் என்று நாம் காத்திருக்கிறோம். சிறிய செயல் முதலில் வருகிறது, தைரியம் அதன் பின்னே வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அந்த அம்மாவுக்கும் நடந்தது இதுதான்.

6. ஒரு எச்சரிப்பு

எல்லாத் துணிச்சலும் நல்லதல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

இன்று நம் ஊர்களில் வாரத் தவணைக் கடன் கொடுக்கிறவர்கள் வீடு தேடி வருகிறார்கள். "தைரியமா எடுங்கக்கா, முன்னேறலாம்" என்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன். அது எல்லையைத் தாண்டுவது அல்ல, குழியில் இறங்குவது. சேமிப்பில் துவங்கியவர்கள் நிலைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். கடனில் துவங்கும் குறிக்கோளை இரண்டுமுறை யோசியுங்கள்.

அடுத்தவரைப் பார்த்து வைக்கிற குறிக்கோளும் வேண்டாம். பக்கத்து வீட்டுத் தம்பி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனான் என்பதற்காக நீங்களும் போக வேண்டியதில்லை. படுக்கையில் இருக்கிற மாமியாரைக் கவனிக்கிற ஒரு சகோதரிக்கு இந்த மாதம் வீட்டை விட்டு நகர முடியாமல் இருக்கலாம். அவருக்குத் தினம் அரை மணி நேரம் வாசித்துப் பழகுவதே ஒரு பெரிய தாண்டுதல். அவரவர் எல்லை வேறு, அவரவர் அடியும் வேறு.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் முதல் அடி எடுத்து வைக்கும்போது நாம் சொல்லுகிற கேலி வார்த்தை, அவரை வருஷக்கணக்கில் திண்ணையிலேயே உட்காரவைத்துவிடும். "இந்த வயசுல உனக்கு எதுக்கு சைக்கிள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பின்னால் ஓடி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. இந்த முப்பது நாளுக்கான பயிற்சி

பாடத்தை வாசித்து மடித்து வைத்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

அ. "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று கடந்த ஒரு வருஷத்தில் எந்தெந்தக் காரியத்துக்குச் சொன்னீர்கள்? மூன்றை எழுதுங்கள்.

ஆ. அந்த மூன்றில், பயத்தினால் மட்டுமே விட்ட ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பணமில்லாமல் விட்டதையும், உடல்நலமில்லாமல் விட்டதையும் இப்போது தொட வேண்டாம்.

இ. அதில் முதல் சிறிய அடி என்ன? "மகளை நர்சிங் சேர்ப்பது" என்பது அடி அல்ல, அது பயணம். "புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய், எந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்பது" என்பதுதான் அடி. "வங்கிக்குப் போவது" என்பதைவிட, "திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஆதார் அட்டையோடு போய்ச் சேமிப்புக் கணக்கு விண்ணப்பம் வாங்குவது" என்று எழுதுங்கள்.

ஈ. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு அடி என்று நாலு வாரத்துக்கு நாலு அடி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே கிழமையைப் போடுங்கள்.

உ. சபையில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். வாரந்தோறும் கூடுகை முடிந்ததும் அவர் உங்களிடம் ஒரே கேள்வி கேட்கட்டும்: "இந்த வார அடி ஆச்சா?" ஆகவில்லை என்றால் குற்றப்படுத்த வேண்டாம். அடி பெரிதாக இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்து, அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் நாளில் அந்த நோட்டை எடுத்து வாசியுங்கள். நாலில் இரண்டு முடிந்திருந்தாலும் சந்தோஷப்படுங்கள். போன மாதம் நீங்கள் நின்ற இடத்தில் இன்று நீங்கள் இல்லை. மீதி இரண்டையும் அடுத்த மாதத் தாளில் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கான அடியை இன்று இரவு விளக்கு அணைக்கும் முன்னே எழுதிவிடுங்கள், பிரியமானவர்களே. கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்.